ஆசைக்கும் வேலைக்கும் ஒரே கார்



போன வாரம் காலை நிகழ்ச்சியில் “உங்கள் கனவுக் கார் எது?” என்று சும்மா ஒரு கேள்வி கேட்டேன். வாட்ஸ்அப் நிரம்பிவிட்டது. அதில் ஒரு குரல் பதிவு மட்டும் மனத்தில் நின்றது. “அக்கா, பாயான் லெப்பாஸ்ல இன்ஜினியரா வேலை செய்றேன். வயசு இருபத்தாறு. இதுதான் மொத காடி. பழைய நிஸ்ஸான் 350இசட் ஒன்னு பாத்து வச்சிருக்கேன். வேலைக்கும் அதுலதான் போகணும். ஞாயித்துக்கிழம பாலிக் புலாவ் பக்கம் ஒரு சுத்து போகணும். அம்மா வேணாங்கறாங்க. நீங்க சொல்லுங்க.”

நேரலையில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் இந்த வாரப் பத்தியை அதற்கே ஒதுக்கிவிட்டேன். நானே ஆறு ஆண்டுகளாகப் பழைய சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்றை ஓட்டுகிறேன். ஆகவே “ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் எதுக்குப்பா” என்று அறிவுரை சொல்லும் ஆள் நான் இல்லை. என் கருத்து ஒன்றுதான்: வாரத்தில் ஐந்து நாள் எந்தச் சாலையில் போகிறீர்களோ, அந்தச் சாலைக்கு ஏற்ற காரை வாங்குங்கள். சரியாகப் பார்த்து வாங்கினால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷமும் அதிலேயே இருக்கும்.

*முதலில் பேனா, பிறகு சாவி*

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விளம்பர விலை நம்மை எளிதாக மயக்கும். புதிதாக வந்தபோது எட்டாத உயரத்தில் இருந்த கார், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கு இறங்கி வந்திருக்கும். ஆனால் இறங்கியது விலை மட்டுமே. அதன் சாலை வரி, டயர், பிரேக், உபரிபாகம் எதுவும் கூடவே இறங்குவதில்லை.

சாலை வரியைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு இன்ஜின் கொள்ளளவை வைத்துத்தான் கணக்கு. 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 வெள்ளி. 1,800 சிசியைத் தாண்டினால் 280 வெள்ளியும், மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 50 சென்னும். 3,000 சிசியைத் தாண்டினால் 2,130 வெள்ளியும், மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 சென்னும். தம்பி பார்த்து வைத்திருக்கும் 350இசட்டின் இன்ஜின் 3,498 சிசி. போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 4,371 வெள்ளி வருகிறது. என் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1,586 சிசி, வரி 90 வெள்ளி. இரண்டு காரும் பாயான் லெப்பாஸ் நெரிசலில் ஒரே வேகத்தில்தான் ஊரும்.

அடுத்து காப்புறுதி. முதல் கார் என்றால் இழப்பீடு கோராதோருக்கான கழிவு சுழியத்தில் தொடங்கும். ஓராண்டு கோராமல் இருந்தால் 25 விழுக்காடு, அடுத்தடுத்த ஆண்டுகளில் 30, 38.33, 45, கடைசியாக 55 விழுக்காடு என்று ஏறும். ஏற்கெனவே ஒரு காரில் 55 விழுக்காடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய காரையும் வைத்துக்கொண்டு இன்னொன்று வாங்கினால், புதிதாக வந்த கார் சுழியத்திலிருந்துதான் தொடங்கும். 2017 ஜூலையிலிருந்து காப்புறுதி நிறுவனங்கள் தாங்களே கட்டணத்தை நிர்ணயிக்கின்றன. ஸ்போர்ட்ஸ் காருக்கும் வயதான காருக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டணம் மாறும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுவிடுங்கள்.

கடன்தான் பெரிய விஷயம். 40,000 வெள்ளி காருக்கு 4,000 முன்பணம் கட்டி, 36,000 கடன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்குப் பழகிய நிலை வட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 4 விழுக்காடு என்றால், 5 ஆண்டுத் தவணைக்கு மாதம் 720 வெள்ளி, மொத்த வட்டி 7,200. அதையே 9 ஆண்டுக்கு இழுத்தால் மாதம் 453 வெள்ளிதான். ஆனால் மொத்த வட்டி 12,960 ஆகிவிடும். மாதம் 453 கேட்கச் சுகமாக இருக்கும். 5 வயதுக் காரை வாங்கியவர் கடன் முடியும்போது 14 வயதுக் காரை வைத்திருப்பார். அதற்குள் கிளட்ச் ஒரு தடவை, அப்சோர்பர் ஒரு தடவை, டயர் பல தடவை மாறியிருக்கும். அதற்கெல்லாம் தனியாகக் காசு வேண்டும். மிகவும் வயதான காருக்கு வங்கிகள் நீண்ட தவணை தரத் தயங்குவதும் இதனால்தான். நம் நாட்டில் இளையோர் திவாலாகும் காரணங்களில் வாகனக் கடனும் முக்கியமான ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது. அம்மாக்களின் பயம் வேகத்தைப் பற்றியது மட்டும் இல்லை.

என் வழக்கம் இது: கையில் 40,000 இருந்தால் 35,000க்குக் கார் பார்ப்பேன். மீதியை முதல் ஆண்டுப் பழுதுக்கு வைத்துக்கொள்வேன். பழைய கார் வீட்டுக்கு வந்த முதல் மாதமே எல்லா எண்ணெய்களும், பெல்ட்டுகளும், பேட்டரியும், சில நேரம் நான்கு டயர்களும் மாற்ற வேண்டி வரும்.

*எத்தனை பேர் ஏற வேண்டும்?*

நான் கார் தேடிக்கொண்டிருந்தபோது இரண்டு இருக்கைக் கார் ஒன்றில்தான் கண் இருந்தது. அப்பா படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “இதுல ஒங்கம்மா எப்பிடிம்மா ஏறி எறங்குவா?” அம்மாவுக்கு முழங்கால் வலி. தண்ணீர்மலைக்கோ மருத்துவமனைக்கோ அம்மாவை அழைத்துப் போவது வீட்டில் என் பொறுப்பு. தரையோடு தரையாக இருக்கும் இருக்கையில் அவர் உட்காரலாம், எழுந்திருக்க முடியாது. நான் ஐந்து கதவுகள் உள்ள ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு வந்தது அந்தக் கேள்வியால்தான்.

உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் இரண்டு இருக்கைக் காரில் தவறே இல்லை. இளம் தம்பதி என்றால் இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளி யோசியுங்கள். 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் வைக்கவே கூடாது. பின் இருக்கையே இல்லாத காரில் இதற்கு என்ன செய்வது என்பதை வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டும். டொயோட்டா 86 போன்ற கார்களில் பின்னால் இருக்கை என்று ஒன்று உண்டு. அதில் என் கைப்பை வசதியாக உட்காரும்.

*சந்தோஷம் எங்கிருந்து வருகிறது?*

குதிரைத்திறன் அதிகம் இருந்தால்தான் இன்பம் என்று நினைப்பவர்கள் பினாங்கில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும். 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், வேக வரம்பு 80. ஜார்ஜ் டவுன் பழைய தெருக்களில் 40-ஐத் தொட்டாலே பெரிது. 300 குதிரைத்திறனை அவிழ்த்துவிட இந்தத் தீவில் இடம் இல்லை. அவிழ்த்துவிட்டால் அடுத்த மோட்டார் சைக்கிள்காரருக்குத்தான் ஆபத்து.

எடை குறைந்த, ஸ்டீயரிங் துல்லியமான, கியர் சுலபமாக விழும் சின்னக் கார், 60 கிலோமீட்டர் வேகத்திலேயே சிரிக்க வைக்கும். மாஸ்டா எம்எக்ஸ்-5 இதை உலகத்துக்கே நிரூபித்தது. 1989-இல் வந்த முதல் மாடலின் இன்ஜின் வெறும் 1.6 லிட்டர். எடை ஒரு டன்னைத் தொடவில்லை. குதிரையும் வீரனும் ஓருடலாக இருக்க வேண்டும் என்ற ஜப்பானியக் கருத்தை வைத்துத்தான் அந்த நிறுவனம் அதை உருவாக்கியது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் தயாரானது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகில் அதிகம் விற்றது அதுதான். நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் அதன் துணிக் கூரையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கூரை ஓரத்து நீர் வடிகால் துளைகளில் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு துருதான்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. புரோட்டோன் 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. லோட்டஸ் பொறியாளர்கள் கை வைத்த சஸ்பென்ஷனோடு, 1990களின் இறுதியில் வந்த மூன்று கதவுக் கார் இது. மிட்சுபிஷியின் 1,834 சிசி இன்ஜின், சுமார் 140 குதிரைத்திறன், சாலை வரி 297 வெள்ளி. வளைவில் அது நடந்துகொள்ளும் விதத்தை இன்றும் பேசுகிறார்கள். உபரிபாகம் சுங்கை பட்டாணியில் இல்லாவிட்டாலும் ஈப்போவில் கிடைத்துவிடும் என்பது உள்ளூர்க் காரின் பெரிய பலம்.

ஆனால் இதில் போலிகள் உண்டு. சாதாரண 1.3, 1.6 சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பரும் பட்டையும் மாட்டி ஜிடிஐ விலைக்கு விற்பார்கள். கிராண்டில் உள்ள மாடல், சிசி, இன்ஜின் எண், சேசிஸ் எண் நான்கையும் காரில் உள்ளவற்றோடு ஒப்பிடாமல் பணத்தைத் தொடாதீர்கள். இன்னொன்று, இதன் இன்ஜினுக்கு டைமிங் பெல்ட். ஏறக்குறைய ஒவ்வொரு 100,000 கிலோமீட்டருக்கும் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் பழைய மாடல் 125 குதிரைத்திறன், அடுத்தது 136. இரண்டும் 1.6 லிட்டர், டைமிங் செயின். கடைக்குப் போவது, காற்பந்துப் பயிற்சிக்குத் தம்பியை இறக்குவது, ஞாயிறு சுற்று எல்லாம் ஒரே காரில் முடியும். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே.

டொயோட்டா 86 வேறு ரகம். சுபாருவோடு சேர்ந்து உருவாக்கி 2012-இல் வந்தது. 2.0 லிட்டர், 200 குதிரைத்திறன், பின் சக்கர இழுவை. சாலை வரி 379 வெள்ளி. தனியாளுக்கு அருமையான கார். ஆரம்ப ஆண்டுகளில் தயாரானவற்றுக்கு இன்ஜினின் வால்வு ஸ்பிரிங்கை மாற்ற 2018-இல் நிறுவனமே திரும்ப அழைத்தது. அந்த வேலை முடிந்ததா, யார் செய்தார்கள் என்பதற்குச் சான்று கேளுங்கள்.

விலை மிக மலிவாக இருந்தால் காரணம் தேடுங்கள். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 அழகான கார். அதன் ரோட்டரி இன்ஜின் ஓடும்போதே எண்ணெயைக் கொஞ்சம் எரிக்கும் வகையில் அமைந்தது. உள்ளே உள்ள சீல்கள் தேய்ந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் அதை வாங்கக் கூடாது. தினமும் வேலைக்குப் போக அந்தக் காரை நான் சொல்லமாட்டேன்.

*பினாங்கே பரிசோதனைக் கூடம்*

சாலை வரியும் காப்புறுதியும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, உரிமையாளரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். காலையில் போங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் உண்மையைச் சொல்லும். போனதும் இன்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகிறது.

பிறகு மூன்று சாலைகள். முதலில் லிட்டில் இந்தியா பக்கம், நெரிசல் நேரத்தில். ஏர்கோனைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் ஊர்ந்து போங்கள். வெப்பமானி முள் நடுவைத் தாண்டி ஏறக் கூடாது. இடது கால் வலிக்கிறதா, கிளட்ச் கனமாக இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு வாரம் இப்படிப் போக முடியுமா என்று உங்களையே கேளுங்கள். ஐந்து நாள் வாழ்க்கை இதுதான். தாழ்த்திய கார் என்றால் வேகத்தடையிலும் லோங்காங் ஓரத்திலும் அடி இடிக்கிறதா என்று கவனியுங்கள்.

இரண்டாவது, துன் டாக்டர் லிம் சோங் இயூ கடற்கரை நெடுஞ்சாலை. வேக வரம்புக்குள் ஒரே சீராகப் போகும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் டயர் அல்லது ரிம்மில் கோளாறு. கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுத்தால் சக்கர ஒழுங்கையோ பழைய விபத்தையோ சந்தேகியுங்கள். மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது முழுதாக மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, கார் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது.

மூன்றாவது, பாயா தெருபோங் பக்கமிருந்து பாலிக் புலாவுக்கு ஏறி இறங்கும் துன் சார்டோன் சாலை. ஏற்றத்தில் இன்ஜின் திணறுகிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் பிரேக் மிதி நடுங்குகிறதா, கியர் தானாக நழுவுகிறதா, வளைவில் டக் டக் என்று சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள். சைக்கிளோட்டிகளும் டுரியான் கடைகளும் உள்ள சாலை அது. பந்தயம் வேண்டாம். இரண்டாம் மூன்றாம் கியரிலேயே கார் தன் குணத்தைக் காட்டிவிடும்.

டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பார்க்கப் புதிதாக இருந்தாலும் வயதான டயர் மழையில் வழுக்கும்.

*வெள்ளமும் தாள்களும்*

2017 நவம்பர் வெள்ளத்தைப் பினாங்குவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் கழுவி, மணம் பூசி, விற்பனைக்கு வந்துவிடும். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். உபரிச் சக்கரம் வைக்கும் குழியைப் பாருங்கள். இருக்கைக்குக் கீழே உள்ள திருகுகள் துருப்பிடித்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நீங்கள் வாங்கும் காப்புறுதியில் வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். சாதாரண முழுக் காப்புறுதியில் அது தானாக வராது.

“புஸ்பாகோம் பாஸ் ஆன காடி” என்று விற்பவர் சொல்வார். உரிமை மாற்றத்துக்கான அந்தச் சோதனை, இன்ஜின் எண், சேசிஸ் எண் போன்ற அடையாளங்களைச் சரிபார்ப்பது. கியர்பாக்ஸின் ஆயுளுக்கு அது உத்தரவாதம் இல்லை. அதற்கு உங்களுக்குத் தெரிந்த போர்மேனிடம் கொஞ்சம் காசு கொடுத்து, காரைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் அதுவே பதில்.

இன்ஜின் மாற்றிய கார் என்றால் ஜேபிஜே-யில் பதிவாகி, கிராண்டில் ஏறியிருக்க வேண்டும். மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால், விபத்து நேரத்தில் இழப்பீடு சிக்கலாகிவிடும். டர்போ மாட்டியதையும் சஸ்பென்ஷனை வெட்டியதையும் விற்பவர் பெருமையாகச் சொல்வார். நான் தேடியது யாரும் கை வைக்காத கார். கிடைக்க எட்டு மாதம் ஆனது. போன இடமெல்லாம் விற்பவர்கள் என்னோடு வந்த அண்ணனிடமே இன்ஜினைப் பற்றி விளக்கினார்கள். அவருக்கு எண்ணெய் ஊற்றும் மூடி எதுவென்றே தெரியாது. பெண் வாசகர்களே, கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விளக்கம் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

குரல் பதிவு அனுப்பிய தம்பிக்கு ஒரு வார்த்தை. கார் பார்க்கப் போவதற்கு முன் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: மாதத் தவணை, சாலை வரியும் காப்புறுதியும் சேர்ந்த ஆண்டுத் தொகையை 12-ஆல் வகுத்தது, மாத எண்ணெய்ச் செலவு, பழுதுக்கு மாதாமாதம் எடுத்து வைப்பது. ஆர்ஓஎன்97 கேட்கும் கார் என்றால் அதன் விலை வாரத்துக்கு வாரம் மாறும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொடுப்பதும் சேமிப்பும் போக மீதமுள்ள சம்பளத்தில் இந்த நான்கும் அடங்கினால் எந்தக் காரையும் வாங்கலாம், 350இசட்டாக இருந்தாலும் சரி. அடங்காவிட்டால் இப்போதைக்கு 1.6 லிட்டரில் ஒன்றைப் பாருங்கள். பாலிக் புலாவ் வளைவுகளுக்கு அது தாராளமாகப் போதும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.